மணம் போன மூக்குக்கு ஒரு வழித்துணை: சைனஸ்காரர்கள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

பால் அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் ஓடிவந்து அணைத்தார். "ஏம்மா, தெருமுனை வரைக்கும் தீய்ஞ்ச வாடை வருது, உனக்குத் தெரியலையா?" என்றார். தெரியவில்லை. 2022 சித்திரையில் நடந்தது இது. மணம் மறுபடி வந்தது 2024 கார்த்திகையில். இடையில் இரண்டரை வருடமும் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலும் போயின.

திரும்பிப் பார்த்தால் நான் செய்த காரியங்களில் பாதிக்கு மேல் தேவையானவைதான். செய்த வரிசைதான் தப்பு. அதனால் அந்த வரிசையை மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை; மாத்திரை அளவெல்லாம் சொல்ல மாட்டேன். ரூபாய்க் கணக்கு திருச்சியில் நான் கொடுத்தது, உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும்.

1. டாக்டருக்கு முன்னால் அடுப்பங்கரை

சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். மூக்கு வேலை செய்யாத வீட்டில் அந்த எச்சரிக்கை வீண். எனவே இன்றைக்கே ஒரு கேஸ் கசிவு அலாரம் வாங்குங்கள். எனக்கு 1,400 ரூபாய் ஆனது. அதை உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள், நான் முதலில் அப்படித்தான் மாட்டினேன். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டர் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். அலாரம் வரும்வரை ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ரெகுலேட்டரை மூடுவதுதான் காவல்.

அடுத்தது சாப்பாடு. சாம்பார் ஊசிப்போனதை நாக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். நாக்குக்குத் தெரிவதற்குள் இரண்டு கவளம் உள்ளே போயிருக்கும். மாவு, தேங்காய்ச் சட்னி, பால் எல்லாவற்றிலும் செய்த தேதியை ஒட்டிவையுங்கள். உப்பையும் கரண்டியால் அளந்து போடுங்கள். மணம் இல்லாதவர் கை தானாக உப்பு, புளி, காரத்தைக் கூட்டும். எங்கள் வீட்டில் ரத்த அழுத்தம் இருப்பவர் மாமியார். பாவம், ஆறு மாதம் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

2. வீட்டிலேயே ஒரு சோதனை (தைலம் கூடாது)

நான் ஏமாந்த இடம் இது. தைலத்தை முகர்ந்து பார்த்தேன், சுர்ரென்று ஏறியது. 'மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது' என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். தைலம், கற்பூரம், புதினா உப்பு, அம்மோனியா ஆகியவற்றின் எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்வது முகத்துக்கு வரும் இன்னொரு நரம்பு. மோப்ப நரம்பு முழுக்க செத்தவருக்கும் தைலம் சுர்ரென்றுதான் ஏறும்.

காப்பித்தூள், பெருங்காயம், மல்லிகை, குளிக்கிற சோப்பு என்று நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பக்க மூக்கை அடைத்து, வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி நீட்டச் சொல்லுங்கள். பிறகு அடுத்த பக்கம். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை போதும். இந்த நோட்டு பின்னால் டாக்டரிடமும் காப்பீட்டிலும் கைகொடுக்கும்.

நோட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மணம் வந்து வந்து போகிறதா, வரவே இல்லையா? மோப்ப நரம்பின் நுனிகள் மூக்கின் கூரையில், இரு கண்களுக்கு நடுவே, ஒரு தபால்தலை அளவு இடத்தில் இருக்கின்றன. காற்று அங்கே ஏறினால்தான் மணம். சதையும் வீக்கமும் கெட்டிச் சளியும் வழியை மறித்தால் வாசல் அடைப்பு. வேகமாக நடந்தபின், வெந்நீரில் குளித்தபின் பத்து நிமிடம் மணம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனால் பெரும்பாலும் இந்த வகை. ஒரு காய்ச்சல் சளிக்குப் பிறகு, மூக்கு நன்றாகத் திறந்திருந்தும் மணம் திரும்பவில்லை என்றால், வாசல் திறந்திருக்கிறது, வீட்டுக்குள் ஆள் இல்லை என்று பொருள். கொரோனாவில் பலருக்கு நடந்தது இதுதான். இரண்டும் கலந்து இருப்பதும் உண்டு. நாள்பட்ட வீக்கம் அந்தத் தபால்தலை இடத்தையே கெடுத்துவிடும். வாசல் அடைப்புக்கு மருந்தும் அறுவையும், ஆள் இல்லாத வீட்டுக்குப் பயிற்சியும் பொறுமையும். இது தெரியாமல் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் குருட்டுச் செலவு.

'வாய் ருசியும் போய்விட்டது' என்று சொல்வீர்கள். சர்க்கரை இனிக்கிறதா, எலுமிச்சை புளிக்கிறதா என்று பாருங்கள். அவை தெரிந்தால் நாக்கு நலம்தான். ரசத்தை ரசமாக்குவது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை, போனது அது.

3. இவை இருந்தால் வரிசை கிடையாது, உடனே போங்கள்

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதோடு ரத்தம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது. கடும் காய்ச்சலோடு தலைவலி. குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டுவது. தலையில் அடிபட்ட பிறகு மணம் போனது. சர்க்கரை நோயாளிக்கு முகவலியும் மூக்கில் கருத்த பொருக்கும் இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை; 2021-இல் கருப்புப் பூஞ்சை என்ன செய்தது என்று பார்த்தோம். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றச் சளி என்றால் முதலில் தேட வேண்டியது உள்ளே போட்டுக்கொண்ட பட்டாணியையோ பென்சில் ரப்பரையோதான்.

4. மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்தைக் கீழே வையுங்கள்

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று எழுதியிருக்கும் சொட்டு மருந்துகள் ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும், அதுதான் அவற்றின் மாயம். மூன்று முதல் ஐந்து நாளைத் தாண்டிப் போட்டால் மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும். அடைத்ததென்று மறுபடி போடுவோம். நான் பதினான்கு மாதம் தலையணைக்கு அடியில் புட்டியை வைத்துத் தூங்கினேன். நிறுத்த ஒரு வழி: முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்தி, அது சரியானபின் அடுத்த பக்கம். அந்த ஒன்றிரண்டு வாரம் தூக்கம் கெடும், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆவி பிடிப்பதும் நொச்சி இலையும் இதமாகத்தான் இருக்கும். சதையை அவை கரைப்பதில்லை. கொதிக்கிற பாத்திரத்தின்மேல் போர்வையைப் போர்த்திக் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துவிடும்.

5. முதல் முறை இ.என்.டி. டாக்டரைப் பார்க்கும்போது

டாக்டர் கட்டணம் 500, எண்டோஸ்கோப்பி 1,500. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினால், "எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூக்கின் கூரை டார்ச்சுக்கு எட்டாது. மரத்துப்போகும் மருந்தை வைத்துவிட்டு மெல்லிய குழாயை விடுவார்கள். ஐந்து நிமிடம், கண்ணில் நீர் வரும், வலி என்று சொல்ல முடியாது. படத்தோடு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே காதில் விழப்போகும் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும்: "சதை வளர்ந்திருக்கு." நம் ஊரில் மூன்று வேறு சங்கதிகளுக்கு இந்த ஒரே பேர்தான். ஒன்று, மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் இருக்கும் சதை மடிப்பு ஒவ்வாமையால் வீங்கியிருப்பது. இரண்டு, குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு. மூன்று, பாலிப்: உரித்த திராட்சை மாதிரி வெளிறிய, தொட்டால் வலிக்காத தொங்கு சதை, சைனஸ் அறைகளின் (மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள்) வாயிலிருந்து இறங்கி வருவது. மணத்தை முழுசாகத் திருடுவதில் மூன்றாவதுதான் கில்லாடி. எனக்கு முதலில் பார்த்த இடத்தில் "எலும்பு வளைஞ்சிருக்கு, சதை இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார்கள். எந்தச் சதை என்று நான் கேட்கவில்லை. நடு எலும்பு கொஞ்சமாவது வளையாதவர்கள் குறைவு; அது மட்டுமே மணத்தைப் பறிப்பது வழக்கமில்லை. "பாலிப்பா, சுவர்ச் சதையா? ஒரு பக்கமா, இரு பக்கமா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நீங்களாகச் சொல்ல வேண்டியவை: ஆஸ்துமா உண்டா, வலி மாத்திரை அல்லது ஆஸ்பிரின் போட்டால் மூச்சு இரைக்கிறதா. பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்து வருகிற ஒரு நோய் இருக்கிறது. அவர்களுக்குச் சதை திரும்பத் திரும்ப வளரும்.

கடைசியாக, மிகப் பெரிய பொறி. "எத்தனை வருஷமா?" என்று கேட்பார்கள். நான் பழக்கதோஷத்தில் "அஞ்சு வருஷமா சைனஸ்" என்றேன். ஐந்து வருடமாக இருந்தது மார்கழிச் சளி. மணம் போனது ஒன்றரை வருடமாக. அந்த ஒரு வாக்கியம் சீட்டில் ஏறி, பிறகு எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. எது எப்போது தொடங்கியது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

6. மூக்குக் கழுவலும் ஸ்பிரேயும்: மூன்று மாதம்

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட சைனஸ் என்கிறார்கள். அதைச் சரிசெய்யவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் கொடுக்க வேண்டும்.

கழுவுவதற்கு 240 மில்லி கொள்ளும் பிளாஸ்டிக் புட்டி, உப்புப் பொட்டலத்தோடு 450 ரூபாய். பொட்டலம் தீர்ந்தபின் வீட்டிலேயே கலந்துகொண்டேன்: அயோடின் சேர்க்காத உப்பு மூன்று பங்கு, ஆப்பச் சோடா ஒரு பங்கு. அந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டி, ஒரு புட்டித் தண்ணீருக்கு. எரிந்தால் கலவையைக் குறைக்கலாம். தண்ணீர்தான் முக்கியம். குழாய்த் தண்ணீர், போர்த் தண்ணீர், வடிகட்டித் தண்ணீர் எதையும் நேராக மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்தில் பேசப்படுகிறதே, அது உடம்புக்குள் போகும் வழி மூக்கு. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம். கை கழுவும் தொட்டியின்மேல் குனிந்து, வாயால் மூச்சுவிட்டு, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வழியும். முதல் நாள் புரையேறும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

கழுவிக் கால்மணி நேரம் கழித்து ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் என்று டாக்டர் எழுதுவது ஸ்டீராய்டு ஸ்பிரேதான். பேரைக் கேட்டுப் பயந்து என் அண்ணி நிறுத்திவிட்டார். மூக்கோடு வேலை முடித்துக்கொள்ளும் மிகச் சிறிய அளவு அது, சொட்டு மருந்து மாதிரி அடிமையாக்காது. ஆனால் அன்றைக்கே பலனும் தெரியாது. வாரக்கணக்கில் தினமும் போட்டால்தான் உண்டு. 'போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று பத்தாம் நாள் நிறுத்துபவர்கள் அதிகம், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். போடும் விதம்: தலையை லேசாகக் குனிந்து, வலக்கையால் இடது மூக்குக்கும் இடக்கையால் வலது மூக்குக்கும், நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். அடித்ததும் உர்ரென்று உறிஞ்சாதீர்கள், தொண்டைக்குப் போய்விடும்.

சதை பெரிதாக இருந்தால் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். எனக்கு நான்காம் நாள் வரக்கொத்தமல்லி வறுக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். மாத்திரை முடிந்து மூன்று வாரத்தில் மறுபடி போய்விட்டது. "அது நல்ல செய்திம்மா, நரம்பு உயிரோட இருக்கு" என்றார் இரண்டாவதாகப் பார்த்த டாக்டர். இதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை ஏறும், அழுத்தம் ஏறும், எலும்பு மெலியும்.

7. சி.டி. ஸ்கேன்: சளி பிடித்திருக்கும்போது வேண்டாம்

நான் மார்கழிச் சளியின் உச்சத்தில் போய் 2,800 ரூபாய் கொடுத்து எடுத்தேன். எல்லா அறையும் நிறைந்து தெரிந்தது. சளி பிடித்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். "இதை வச்சு முடிவு பண்ண முடியாது" என்று இரண்டாவது டாக்டர் சொல்ல, இன்னொரு 2,800. மருந்து முறையாக எடுத்து முடித்தபின், சளி இல்லாத நாளில், அறுவை பற்றி யோசிக்கும் கட்டத்தில் எடுத்தால் ஒன்றே போதும். சீட்டில் 'சி.டி. பி.என்.எஸ். ப்ளெயின்' என்று இருக்கும்; சாய ஊசி போடாமல் எடுக்கும் சைனஸ் ஸ்கேன் என்று பொருள். அறிக்கையோடு ஃபிலிமும் ஸ்கேன் பதிந்த குறுந்தட்டும் கேட்டு வாங்குங்கள். அறுவை செய்பவருக்கு அதுதான் வரைபடம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

8. பணமும் காகிதமும்

எண்டோஸ்கோப்பி வழியாகச் சதையை எடுத்துச் சைனஸ் வாசல்களைத் திறக்கும் அறுவைக்கு ஃபெஸ் என்று பேர். எனக்கு 92,000 ஆனது. முன்கூட்டி மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், அதில் இந்த மூன்றும் அடக்கமா என்று தனியாகக் கேளுங்கள்: சதையைச் செதுக்கும் கருவியின் ஒருமுறை பிளேடு, மூக்கில் வைக்கும் பஞ்சு, எடுத்த சதையின் பயாப்சி (ஆய்வகச் சோதனை). பிளேடு மட்டும் பல்லாயிரம் ரூபாய் பில்லில் ஏறியது எனக்கு.

தனியார் காப்பீடு இருந்தால், சைனஸ், பாலிப் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு. கம்பெனி வழியாக வரும் குழு பாலிசியில் பெரும்பாலும் இருக்காது. கணவருடையதோ உங்களுடையதோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எங்கள் பாலிசி 2021 டிசம்பரில் எடுத்தது, 24 மாதம் தாண்டியாயிற்று என்று நிம்மதியாகப் போனேன். பழைய சீட்டில் இருந்த 'அஞ்சு வருஷமா' காப்பீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டது. பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று ரொக்கமில்லாச் சிகிச்சையை மறுத்துவிட்டார்கள். கையிலிருந்து கட்டினோம். பிறகு என் நோட்டு, முதல் எண்டோஸ்கோப்பி அறிக்கை, மணம் போன தேதியை விளக்கி டாக்டர் எழுதித் தந்த கடிதம் எல்லாம் வைத்து மேல்முறையீடு செய்து, நான்கு மாதத்தில் 71,000 வந்தது.

உங்களுக்கும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் புகார் வாங்கும் பீமா பரோசா இணையதளம், முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 2024-இல் வந்த விதிப்படி ரொக்கமில்லா அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். பில் மேசையில் உட்கார வைத்தால் இதை நினைவுபடுத்துங்கள்.

ஒரே கோப்பில் வைக்க வேண்டியவை: ஆதார், பான், பாலிசி நகல், முதல் சீட்டிலிருந்து எல்லாச் சீட்டும், எண்டோஸ்கோப்பி அறிக்கை, சி.டி. அறிக்கை, அனுமதிப் பரிந்துரை. முடிந்தபின் டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், பணம் கட்டிய ரசீதுகள், பயாப்சி முடிவு, ரத்து செய்த காசோலை. அறுவைக்கு முந்தைய 30 நாள் செலவையும் பல பாலிசிகள் தருகின்றன, ஆகவே சி.டி.யை அந்த 30 நாளுக்குள் வரும்படி பார்த்துக்கொண்டால் அந்தப் பணமும் திரும்பும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பமென்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்குங்கள். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவார்கள். உங்கள் அறுவை பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது. காத்திருக்க வேண்டும், காலை ஏழரைக்கே சீட்டு வரிசையில் நிற்க வேண்டும். என் தம்பி மனைவிக்குத் திருச்சி அரசு மருத்துவமனையில்தான் நடந்தது. செலவு, ஆட்டோவும் இளநீரும்.

9. அறுவைக்குப் பிறகு

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்டுவிடுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். கண்ணும் மூளையும் பக்கத்துச் சுவர் என்பதால் ஆபத்துகளைக் கையெழுத்துக்கு முன் விளக்கச் சொல்லுங்கள். மணம் வந்தே தீரும் என்று யாராவது உறுதி சொன்னால் அந்த இடத்தில் நான் அறுவை செய்துகொள்ள மாட்டேன்.

பஞ்சு வைத்திருந்த இரண்டு நாள்தான் கொடுமை. வாயால் மூச்சு, காய்ந்த தொண்டை. இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. வேலைக்குப் பத்து நாள் விடுப்பு போடுங்கள். பொருக்கைச் சுத்தம் செய்ய நான்கைந்து முறை கூப்பிடுவார்கள், ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு, எனக்கு 800. இதை மதிப்பீட்டில் யாரும் சொல்வதில்லை.

கழுவலும் ஸ்பிரேயும் நிற்காது. அறுவை சதையை எடுக்கும், சதை வளரும் குணத்தை எடுக்காது. அறுவைதான் முடிந்ததே என்று ஸ்பிரேயை விட்டவர்கள் இரண்டாம் அறுவைக்கு வந்து உட்கார்ந்திருப்பதை டாக்டர் வாசலில் பார்த்தேன்.

10. மோப்பப் பயிற்சி

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பத்திலிருந்து இருபது விநாடி, முன்பு அது எப்படி மணந்தது என்று நினைத்துக்கொண்டே மெல்ல முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். வைரஸ் காய்ச்சலில் மணம் இழந்தவர்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது. வாசல் அடைத்திருக்கும்போது இதைச் செய்து பயனில்லை, முதலில் வாசல். நான் நான்கு மூடி போட்ட சிறு புட்டிகளில் பஞ்சில் எண்ணெய் நனைத்து வைத்தேன். 600 ரூபாய். கிராம்பும் எலுமிச்சைத் தோலும் வீட்டிலேயே இருக்கிறது என்றால் அதுகூட வேண்டாம்.

திரும்பி வரும்போது மணம் கோணலாக வரலாம். காப்பி கருகிய ரப்பராக, வதக்கிய வெங்காயம் சாக்கடையாக. வைரஸில் போனவர்களுக்கு இது அதிகம். பயப்பட வேண்டாம், நரம்பு ஒட்டிக்கொள்ள முயல்கிறது என்பதுதான் பெரும்பாலும் பொருள். அதுவரை தயிர்சாதம், ஆறிய இட்லி என்று சூடில்லாதவற்றைச் சாப்பிடுங்கள். சூடு ஏற ஏற நாற்றமும் ஏறும்.

எனக்கு முதலில் திரும்பி வந்தது மல்லிகையும் இல்லை, காப்பியும் இல்லை. பேருந்து நிலையத்தின் ஓரச்சுவர். பக்கத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடக்க, நான் மட்டும் நின்று இன்னொரு மூச்சு இழுத்தேன். அன்று இரவு நோட்டில் எழுதினேன்: வலது பக்கம் தெரிகிறது, இடது பக்கம் பாதி. இடது பக்கம் இன்னும் பாதிதான். அடுத்த எண்டோஸ்கோப்பி ஆவணியில்.